தூக்கத்தை விற்றோம், சம்பாத்தியத்தை விற்றோம், ஓட்டையும் விற்கலாமா?

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! உப்பளத் தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே!

பெரிய முதலியார்சாவடியில் ஒன்றரை ஏக்கர் கொல்லையில் மணிலாவும் சவுக்கும் வைத்துப் பிழைக்கிற ஒரு சாதாரண விவசாயி எழுதுகிறேன். எனக்கு எந்தக் கட்சியிலும் பொறுப்பு கிடையாது. சங்கத்தில் கேட்டுக்கொண்டதால் மனசில் பட்டதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குக் கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு நிலவேம்புதான் கேட்கும், கல்கண்டு கேட்காது.

நம்ம பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் மூன்று பேச்சு தவறாமல் வரும். ஒன்று, ராத்திரி மைக் செட் சத்தம். இரண்டு, சீட்டாட்டம், மூணு நம்பர் லாட்டரி, செல்போன் ரம்மி. மூன்று, ஓட்டுக்குப் பணம். மூன்றையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகப் பெருமூச்சு விட்டு, எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் இந்த மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரி. கயிறு யார் கழுத்தில் கிடக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

சத்தம் யாருக்கு? தூக்கம் கெடுவது யாருக்கு?

நம்ம ஊர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். தெற்கே கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே பொம்மையார்பாளையம் தாண்டினால் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. நடுவில் தமிழ்நாட்டுத் துண்டாக நாம். ஊரைக் கிழித்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. சனி, ஞாயிறு, புத்தாண்டு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரிசை கட்டி வருகின்றன. வரட்டும். நம்ம பிள்ளைகள் சிலருக்கு அதனால் வேலையும் கிடைக்கிறது. ஆனால் கடலோரத்தில் ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் நெஞ்சு அதிர டொம் டொம் என்று பாட்டு போடுகிறார்களே, அதை யாரைக் கேட்டுப் போடுகிறார்கள்?

இது வெளியூர்க்காரன் சத்தம். உள்ளூர்க்காரன் சத்தமும் குறைவில்லை. மாசி மகம், பங்குனி உத்திரம், ஆடியில் கூழ் ஊற்றுவது, காதுகுத்து, மஞ்சள் நீர், தலைவர் பிறந்தநாள், திறப்பு விழா. எதுவானாலும் விடியற்காலை நாலு மணிக்குக் குழாயைத் தென்னை மரத்தில் கட்டிவிடுகிறோம். கோயில், மசூதி, சர்ச், கட்சிக் கொட்டகை என்று இதில் யாரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை.

இதில் தூக்கம் கெடுவது யாருக்கு? மரக்காணம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முந்திக்கொள்ள ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கே எழுந்து போகிற ஆட்கள். உப்பு விளைவதோ தை, மாசிக்குப் பிறகு மழை பிடிக்கும் வரைக்கும்தான். அந்த மாதங்களில்தான் திருவிழாவும் வருது, பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சையும் வருது, தர்பூசணி அறுப்பும் வருது, தேர்தல் வந்தால் அதுவும் பெரும்பாலும் சித்திரையில்தான் வருது. பகல் முழுக்கக் குனிந்து உழைத்தவனுக்கு ராத்திரி ஆறு மணி நேரத் தூக்கம்தான் சொத்து. அந்தச் சொத்தைத் தினமும் ஒருத்தன் திருடினால் சும்மா இருப்போமா? மணிலா மூட்டை ஒன்று காணாமல் போனால் ஊரையே கூட்டுகிறோம். தூக்கம் போனால் மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை?

சட்டம் இல்லையா என்றால், இருக்கு. 2000ஆம் ஆண்டிலேயே ஒலி மாசு விதிகள் வந்துவிட்டன. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பகலில் வைப்பதற்கும் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே பகலில் 50, இரவில் 40. திருவிழா, பண்டிகைக்கு அரசு விலக்கு கொடுக்கலாம். ஆனால் அதுவும் ராத்திரி 12 மணி வரைக்கும்தான், வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பும் சொன்னது.

அதற்கு முன்னாலேயே நம்ம சென்னையிலிருந்து ஒரு வழக்கு போனது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கத்தார் பக்கத்து ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஜெபக்கூடத்தார் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்தவன் நிம்மதியைக் கெடுத்துத்தான் கும்பிட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பதுதான் அதன் சாரம். அந்தத் தீர்ப்பு ஒரு மதத்துக்கு மட்டும் இல்லை. மாரியம்மனுக்கும் சேர்த்துத்தான், மசூதிக்கும் சேர்த்துத்தான், கட்சி மேடைக்கும் சேர்த்துத்தான்.

"அப்படியென்றால் கூத்தையும் நிறுத்தணுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திரௌபதை அம்மன் கோயில் கூத்து விடிய விடிய நடப்பது நம்ம மண்ணின் வழக்கம். அது அழிய வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நம்ம தாத்தா காலத்துக் கூத்தில் குழாய் இருந்ததா? மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், ஆடுகிறவர் தொண்டை. இவ்வளவுதான். கேட்க வந்தவனுக்குக் கேட்டது, தூங்கப் போனவன் தூங்கினான். பன்னிரண்டு மணிக்கு மேல் மைக்கை நிறுத்திவிட்டு ஆடினால் கூத்து குறைந்தா போய்விடும்? உட்கார்ந்து பார்க்கிற ஆள்தான் குறைந்துபோனான். அதை மறைக்கத்தான் சத்தத்தைக் கூட்டுகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சத்தத்தைக் குறை என்று ஒருத்தன் சொன்னால், அவன் என்ன சாதி, என்ன மதம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். 2013 ஏப்ரல் 25 அன்று இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் போன நாளில், மரக்காணத்தில் நடந்ததை மறக்க முடியுமா? தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன. பஸ்கள் எரிந்தன. உயிர்கள் போயின. அதற்குப் பிறகு ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவன் கூலிக்காரனும் சிறு விவசாயியும்தான். மேடையில் பேசினவன் யாரும் தன் வீட்டை இழக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், சத்தத் தகராறைத் தெருவில் வைத்துத் தீர்க்காதீர்கள். தனி ஆளாகப் போய்ச் சண்டையும் போடாதீர்கள். ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.

எழுத்தில் கொடுத்தால் மட்டும் நடக்குமா என்று கேட்பீர்கள். நானே ஒரு முறை சொல்லப் போனேன். "அந்த இடம் எங்க எல்லையில் வராது" என்றார்கள். அடுத்த இடத்துக்குப் போனேன். "சத்தம் கேட்கிறது உங்க ஊரில்தானே, அங்கேயே சொல்லுங்க" என்றார்கள். சத்தத்துக்கு எல்லை கிடையாது, புகாருக்கு மட்டும் எல்லைக் கல் இருக்கு! ஆனால் ஒரு ஆள் போனதால்தான் அந்தப் பதில். அம்பது ஆள் கையெழுத்துப் போட்டுப் போனால் அதே பதில் வராது.

தருமனே தோற்ற ஆட்டம் இது!

சூதில் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டாம். வருஷா வருஷம் கூத்தில் பார்க்கிறோம். நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னையே வைத்தான், கடைசியில் பெண்டாட்டியையும் வைத்தான். அம்மன் தலைமுடியை விரித்துப்போட்டுச் சபதம் செய்கிற இடத்தில் பெண்கள் எல்லோரும் அழுகிறார்கள். அதே நேரத்தில் திடலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் காசு வைத்துச் சீட்டு ஓடுகிறது! அம்மனுக்கு முன்னால் சூதைப் பழித்துவிட்டு அம்மனுக்குப் பின்னால் சூது ஆடுகிற கூட்டம் நாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர் ஆளுக்கு 500 கொண்டுவந்து உட்காருகிறார்கள். மொத்தம் 5,000. ஒவ்வொரு ஆட்டத்திலும் இடம் கொடுத்தவன் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். அந்த மொத்தப் பணமும் ஒரு ராத்திரியில் பத்து தடவை சுற்றி வந்தால், விடியும்போது பத்துப் பேர் கையிலும் சேர்த்து மிச்சம் இருப்பது சுமார் 1,750. பாக்கி 3,250 சீட்டையே தொடாதவன் பையில். அதுவும் அடிதடி இல்லாமல், ஏமாற்று இல்லாமல், நேர்மையாக நடந்த ஆட்டத்தில்!

மூணு நம்பர் லாட்டரிக்கு வாங்க. பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து 999 வரைக்கும் ஆயிரம் நம்பர். ஒரு பேச்சுக்குச் சீட்டு 60 ரூபாய், விழுந்தால் 25,000 என்று வையுங்கள். ஆயிரம் நம்பரும் விற்றால் அவனுக்கு வருவது 60,000. கொடுப்பது 25,000. 35,000 அவனுக்கு. இது அதிர்ஷ்டம் இல்லை தோழர்களே, அவனுக்கு இது மாசச் சம்பளம் மாதிரி.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003 ஜனவரியிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பிறகு எப்படி விற்கிறது? துண்டுச் சீட்டில் எழுதியும், செல்போனில் நம்பர் அனுப்பியும் விற்கிறது. 2019 டிசம்பரில் நம்ம மாவட்டத் தலைநகரம் விழுப்புரத்திலேயே ஒரு நகைத் தொழிலாளி இந்த மூணு நம்பர் லாட்டரியில் கடனாகி, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு குடும்பமே அழிந்துபோனது. நாடே அதிர்ந்தது. சில பேரைப் பிடித்தார்கள். கொஞ்ச நாள் அடங்கியது. பிறகு? உங்க ஊர் டீக்கடையில் நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

செல்போன் ரம்மி கதை இன்னும் பெரிசு. 2021ல் தமிழ்நாடு அரசு போட்ட தடையை அந்த ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்து, 2022ல் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். கவர்னர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. இந்த இழுபறியில் எத்தனை தாலி அறுந்தது! அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அதற்குத் தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டத்துக்கு நாடு முழுக்கத் தடைச் சட்டம் போட்டது. நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம். விளம்பரம் செய்கிறவனுக்கும் தண்டனை உண்டு. ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் ஆடி ஏமாந்தவனுக்குத் தண்டனை கிடையாது. அதனால் பணம் இழந்த பிள்ளைகள் பயந்துகொண்டு மறைக்க வேண்டாம். பெற்றவர்களும் அடித்து விரட்டாமல் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள். சட்டம் வந்ததும் எல்லாம் ஒழிந்தது என்றும் நினைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து நடத்துகிறவன் வேற வேற பேரில் மெசேஜ் அனுப்புவான்.

விவசாயிக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்கிறேன். நம்ம தொழிலே சூதாட்டம் மாதிரி ஆக்கப்பட்டிருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஒரே ராத்திரியில் முந்திரியும் தென்னையும் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் கழனி ஏரியானது, மரக்காணத்து உப்பளம் தண்ணீரில் மூழ்கியது. 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஊசி போடுகிறார்கள் என்று பேச்சு பரவியது. ஒரு பழமும் கெட்டுப்போகவில்லை, பேச்சுதான் பரவியது. விலை பாதாளத்துக்குப் போய், பழத்தைக் கொல்லையிலேயே விட்டவர்கள் எத்தனை பேர்! மழையிடமும் மார்க்கெட்டிடமும் இவ்வளவு பந்தயம் கட்டி நிற்கிற நாம், மிச்சம் இருக்கிற நாலு காசையும் சீட்டில் வைக்கலாமா? பெண்டாட்டி தோட்டைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து உரத்துக்கு வாங்கின கடன், உரக்கடைக்குப் போகாமல் செல்போனுக்குள் போனால் அந்த வருஷம் விதை எங்கிருந்து வரும்? அப்புறம் மீட்டர் வட்டிதான். கந்துவட்டிக்கும் 2003லேயே தடைச் சட்டம் இருக்கு. அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஓட்டுக்கு என்ன விலை?

இப்போது மூன்றாவது புரிக்கு வருகிறேன். ஓட்டுக்குப் பணம் என்பது புதுசு இல்லை. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் பார்முலா' என்று இந்தியா முழுக்க நம்ம மானம் போனது. 2016 மே மாசம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை ரத்து செய்தார்கள். 2019ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை ரத்து செய்து, ஆகஸ்டில் நடத்தினார்கள். நிறுத்தின தேர்தல்கள் இவை. நிறுத்தாத தேர்தலில் நடந்தது உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கேவலம் பஞ்சாயத்துப் பதவி ஏலம். 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி பக்கம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகப் பத்திரிகையில் வந்தது. ஊர்க் கோயிலுக்குப் பணம் என்று காரணம் சொல்வார்கள். 50 லட்சம் போட்டவன் தெரு விளக்குப் போடவா வருவான்? போட்டதை எடுக்க வருவான். அவனும் சீட்டாடுகிறவன் மாதிரிதான், வைத்த பணத்துக்கு மேல் எடுக்காமல் எழுந்திருக்க மாட்டான்.

நம்ம பங்குக்கு என்ன வருகிறது? ஓட்டுக்கு 2,000 என்று வையுங்கள். ஐந்து வருஷத்துக்கு 1,826 நாள். வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசா. டீக்கடையில் ஒரு டம்ளர் டீயில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இந்த ஒரு ரூபாய்க்கு நம்ம தூக்கத்தையும், பிள்ளைகள் பரீட்சையையும், ஏரி மதகையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறோம்.

"அது நம்ம பணம்தானே, வாங்கிட்டு வேற ஆளுக்குப் போட்டால் போச்சு" என்று சில பேர் புத்திசாலித்தனமாகப் பேசுவார்கள். நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓட்டு ரகசியம்தான், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பணம் வாங்கினது ரகசியம் இல்லை. தெருவாரியாக, வீட்டுவாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். நாளைக்கு நீங்கள் சத்தத்தைப் பற்றியோ, சீட்டுக் கொட்டகையைப் பற்றியோ, புயல் நிவாரணத்தில் விடுபட்டதைப் பற்றியோ கேட்கப் போனால், அந்த நோட்டைப் பார்த்துத்தான் சிரிப்பான். "அன்னிக்கு வாங்கினப்போ இனிச்சுதா?" என்று கேட்பான். நமக்குத் தலை தானாகக் குனியும். அவன் விலை பேசினது ஓட்டுக்கு மட்டும் இல்லை, அடுத்த ஐந்து வருஷம் நாம் கேட்க வேண்டிய கேள்விக்கும் சேர்த்து.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 2,000 நிவாரணம் என்றார்கள். நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 என்றார்கள். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 7,000கூட வரவில்லை. உழவுக்கும் நடவுக்குமே காணாத தொகை. இது போதாது என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்க வேண்டிய நேரத்தில் எத்தனை பேர் வந்தோம்? அரசு நிவாரணமும் 2,000, ஓட்டுக்கும் 2,000 என்றால் விவசாயியின் விலை 2,000தான் என்று முடிவு கட்டிவிட்டார்களா?

மூன்று புரியும் சேரும் இடம்

இனி முடிச்சைப் பாருங்கள். சீட்டுக் கொட்டகை நடத்துகிறவன் திருவிழாவுக்குப் பெரிய தொகை நன்கொடை கொடுக்கிறான். அந்தப் பணத்தில் பத்து ஜோடி பாக்ஸ், இருபது குழாய், சீரியல் விளக்கு வருகிறது. விழாப் பேனரில் வட்டாரப் பிரமுகர் படம் வருகிறது. பிரமுகர் படம் இருக்கிற பந்தலில் மைக்கை நிறுத்தச் சொல்ல எந்தக் காவலருக்கும் கை வராது. பந்தல் சத்தத்துக்குப் பின்னால் சீட்டு நடந்தால் கேட்க ஆள் இல்லை. தேர்தல் வந்ததும் அதே கொட்டகைக்காரன்தான் தெருவாரியாகக் கவர் கொடுக்கிற பொறுப்பாளர். ஜெயித்தவர் அவனுக்குக் கடன்பட்டவர். தோற்றவரும் அடுத்த முறைக்கு அவனைத் தேடுகிறவர்.

நாம் சீட்டில் தோற்ற பணம்தான் குழாயாக நம்ம காதில் ஊதுகிறது. அதே பணம்தான் கவராக நம்ம கைக்குத் திரும்பி வருகிறது. நம்ம பணத்தை வைத்தே நம்மை வாங்குகிறார்கள். இதில் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். கட்சிக் கரை மாறும், வேட்டி ஒன்றுதான்.

சங்கம் எப்படி ஜெயித்தது?

1970 ஜூன் 19 அன்று கோவை மாவட்டமாக இருந்த பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1972லும் போராட்டம், துப்பாக்கிச் சூடு, சாவு. அய்யா நாராயணசாமி நாயுடு மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார். அந்தப் போராட்டங்கள் விதைத்ததுதான் 1984ல் சிறு விவசாயிக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிக்கும் கிடைத்த இலவச மின்சாரம். இன்றைக்கு உங்க பம்புசெட்டு ஓடுகிறதே, அது எந்தக் கவரிலும் வந்தது இல்லை. செத்தவர்கள் ரத்தத்தில் வந்தது. ஒரு வருஷத்துக்கு ஒரு பம்புசெட்டுக்கு மிச்சமாகிற கரண்டு காசையும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது பெரிசு? எது நிலைக்கும்?

இதெல்லாம் கிடைத்தது கேட்கிற வாய் நம்மிடம் இருந்ததால். அந்த வாயை அடைக்கத்தான் இத்தனை சத்தமும், இத்தனை சீட்டும், இத்தனை கவரும்.

நாம் செய்ய வேண்டியது

1. திருவிழா பேச்சு தொடங்கும்போதே ஊர்க் கூட்டத்தில் எழுதி முடிவு செய்வோம். குழாய் வேண்டாம், பாக்ஸ் போதும். பாக்ஸும் திடலைப் பார்த்து இருக்க வேண்டும், வீடுகளைப் பார்த்து இல்லை. பத்து மணிக்கு நிறுத்தம். விலக்கு வாங்கினால் பன்னிரண்டு. பரீட்சை மாதத்தில் பகலிலும் அடக்கம்.

2. கடலோர விடுதிச் சத்தத்துக்குத் தனி ஆளாகப் போக வேண்டாம். தேதி, நேரம், இடம் எழுதி, தெருவே கையெழுத்துப் போட்டு, காவல் துணைக் கண்காணிப்பாளருக்கும் கலெக்டருக்கும் திங்கட்கிழமை மனு நாளில் கொடுப்போம். எல்லைத் தகராறு இருந்தால் ரெண்டு பக்கத்துக்கும் நகல். மனு ரசீது வாங்காமல் வீடு திரும்ப வேண்டாம்.

3. சீட்டுக் கொட்டகைக்காரன், லாட்டரிக்காரன் நன்கொடை கோயிலுக்கு வேண்டாம். தலைக்கட்டு வரி குறைவாக வந்தால் குறைவாகக் கும்பிடுவோம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

4. சூதில் கடனான குடும்பத்தை ஊர் கேலி பேச வேண்டாம். கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றால் சங்கத்தார் நாலு பேர் போய்ப் பக்கத்தில் நிற்போம்.

5. ஊராட்சி என்றால் கிராம சபையில், பேரூராட்சி, நகராட்சி என்றால் வார்டு கூட்டத்தில், சூதாட்ட இடங்களை மூடச் சொல்லித் தீர்மானம் போடுவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குப் பெண்கள் அவசியம் வர வேண்டும். சூதால் முதலில் பசிக்கிறது அவர்கள் அடுப்புக்குத்தான்.

6. ஓட்டுக்குப் பணம் வந்தால் வாங்க மாட்டோம். சட்டப்படி கொடுக்கிறவனுக்கும் குற்றம், வாங்குகிறவனுக்கும் குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. தேர்தல் நேரத்தில் 1950 நம்பருக்குப் போன் போட்டுச் சொல்லலாம். தெருவே சேர்ந்து வேண்டாம் என்றால் கொடுக்கிறவன் அடுத்த தெருவுக்குப் போக மாட்டான், பயந்து திரும்பிப் போவான்.

7. ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்போம். ராத்திரி சத்தத்துக்கு என்ன செய்வீர்கள்? எங்க ஊர்ச் சூதாட்ட இடம் எப்போது மூடும்? ஏக்கருக்கு நியாயமான புயல் நிவாரணம் எவ்வளவு? எழுத்தில் கொடுக்கச் சொல்வோம். கொடுக்காதவருக்கு நம்ம தெருவில் ஆரத்தி கிடையாது.

தோழர்களே! உப்பு விளைகிற மண்ணில் பிறந்தவர்கள் நாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நாட்டுக்கே உப்புப் போடுகிற, சோறு போடுகிற நம்மை எவனும் நினைக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் நம்ம விலையை நாமே மலிவாகச் சொல்லிவிட்டதுதான். விலையைத் திரும்ப வாங்குவோம். கேட்கிற வாயைத் திறப்போம்.

சிந்திப்பீர்! சங்கமாய் எழுவீர்!

சூதை விரட்டுவோம்! கவரைத் திருப்புவோம்! ராத்திரியில் தூங்குவோம், பகலில் போராடுவோம்!

– பெரிய முதலியார்சாவடி விவசாயி ஒருவர்